மூன்று தடவை வடிகட்டிய எண்ணெய்

ஜூன் 14, 2025
சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு மாளவில்லை. பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சேர்த்து டீசல் ஆக்க அரசு திட்டம் போட்டிருக்கிறது. குற்றாலத்துக்கு ஒரே ஒரு சேகரிப்பு மையம்தானாம். நான் எழுதிப் போட்டிருக்கிறேன். எதிர்த்த புரோட்டாக் கடை அருமைநாயகமும் போட்டிருக்கிறான். அவனுக்குக் கிடைத்துவிட்டால் இந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன்?

ஜூன் 17
அருமைநாயகம் என்னிடம் சுகம் விசாரித்தான். பத்து வருஷமாக விசாரிக்காதவன். இப்போது எதற்கு?

ஜூன் 20
எண்ணெயில் கசடு இருக்கக்கூடாது என்பது விதி. பழைய வேட்டியில் மூன்று தடவை வடிகட்டினேன். புது நல்லெண்ணெய் தோற்றது, போ. என் வீட்டுக்காரி நாச்சியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"என்னைய ஒரு நாளாவது இப்படி பாத்திருக்கியளா?" என்றாள்.

ஜூன் 23
நாளை ஆய்வு. தென்காசியிலிருந்து விஸ்வநாதன் சார் வருகிறார். குற்றாலம் வந்தவரை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்காமல் அனுப்பினால் ஊருக்கே கேவலம். நாச்சியாரின் தம்பி இசக்கிமணிக்கு ஐந்தருவியில் எண்ணெய் தேய்ப்பதுதான் தொழில். சொல்லி வைத்தாயிற்று.

ஜூன் 24
குடி கெட்டது.
இசக்கிமணியிடம் நல்லெண்ணெய் தீர்ந்துபோயிற்றாம். என் கடைக் கேனைத் தூக்கிக்கொண்டு போய், சாருக்கு உச்சி முதல் பாதம் வரை தேய்த்துவிட்டான். சார் கண்ணை மூடிச் சொக்கிப்போனார். எழுந்து அருவிக்குப் போனால் போலீஸ் விசில். தண்ணீர் கூடிவிட்டது, குளிக்கத் தடை. துண்டோடு முக்கால் மணி நேரம் நின்றார். லேசாக வெயில் அடித்ததும் சிப்ஸ் வாசனை கிளம்பியது. முதலில் ஒரு குரங்கு வந்தது. பிறகு அதன் சொந்தபந்தம் எல்லாம் வந்தது.
சார் தன் கையை முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜீப்பை நோக்கி ஓடினார்.
"ஏலே, எந்த கேன்ல எடுத்த?"
"அங்கன முன்னால இருந்துச்சு அத்தான். உள்ளதுலயே அதான் நல்லா இருந்துச்சு."
வடிகட்டுனது யாரு? நாந்தான. நான் ஒரு கிறுக்குப்பய.

ஜூன் 25
கடை திறக்கவில்லை.

ஜூலை 3
கடிதம் வந்தது. நாச்சியார் பிரித்து வாசித்தாள். 'எண்ணெயில் கசடு இல்லை, நீர்க்கலப்பு துளியும் இல்லை என்பதை ஆய்வு அலுவலர் நேரடியாக அறிந்துள்ளார். மையம் திரு. நாறும்பூநாதனுக்கு வழங்கப்படுகிறது.' எனக்கேதான்!
கீழே சார் பேனாவால் ஒரு நிபந்தனை எழுதியிருந்தார்: 'கேன்களில் எண்ணெயின் பெயர் எழுதி ஒட்டவும். பெரிதாக.'
காலையிலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.