ஏழாவது மாடிக் குழாய்

மே 13
செடி பராமரிப்பு வேலையில் எனக்குப் புதிதாக ஒரு கட்டடம் தந்திருக்கிறார்கள். விலாசத்தை இரண்டு முறை படித்தேன். ஏழாவது மாடியில் என் பழைய அலுவலகம். ஆட்குறைப்பில் வெளியே அனுப்பும்வரை அங்கே நான் மேனேஜர். நாளை அங்கேதான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன்.

மே 14
போனேன். பச்சை ஏப்ரன், தொப்பியில் துணியில் தைத்த ஓர் இலை. வாடிக்கையாளர் மனம் மலர வேண்டுமாம், கம்பெனி மாட்டிவிட்ட கோலம். நிஷிவாகியின் குரல் கேட்டது. என்னிடம் வேலை பழகியவன். ரப்பர் செடிக்குப் பின்னால் குனிந்து, அவன் போகும்வரை ஒரே இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் கண்ணாமூச்சி.

மே 20
கூட வேலை செய்யும் குசுமி-சானிடம் இடுப்பு வலி என்று சொல்லி மேல்மாடிகளை அவர் தலையில் கட்டினேன்.

"உங்க இடுப்புக்கு என் முழங்கால் தேவலை, இமாயி-சான். நீங்க கீழயே பாருங்க" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. அதுதான் வெட்கம்.

ஜூன் 3
ஓயாத மழை. சரக்கு லிஃப்ட் பழுது. மற்ற லிஃப்டில் நாங்கள் ஏறக்கூடாது, மாடிகளில் குழாயைத் தொடக்கூடாது. குசுமி-சான் தண்ணீர் கேன்களோடு படியேறியிருக்கிறார்.

சத்தம் கேட்டு ஓடினேன். படியில் விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து சுவரில் சாய்ந்திருந்தார். தண்ணீர் படிப்படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

"ஆபீஸ் கம்பளத்துல தண்ணி படலையே?" — அதைத்தான் முதலில் கேட்டார்.

ஜூன் 4
காலைக் கூட்டம். "கவனக்குறைவுதான் காரணம். எல்லாரும் சிரிச்ச முகமா போங்க" என்றார் மேற்பார்வையாளர். தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன். சீ, என்ன மனுஷன் நான்!

ஜூன் 7
ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். இடுப்பு வலி பொய், தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்கத்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு கையால் போர்வையைச் சரிசெய்துகொண்டார். பிறகு: "உங்க இடுப்புக்குன்னு வலி பிளாஸ்டர் வாங்கி என் லாக்கர்ல வச்சிருக்கேன். எடுத்துக்குங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருக்கலாம். செருப்பாலயே அடிச்சிருக்கலாம்.

ஜூன் 8
எழுத ஒன்றுமில்லை. தூக்கமும் இல்லை.

ஜூன் 10
ஏழாவது மாடி. நேரே நிஷிவாகியின் மேசைக்குப் போனேன். தொப்பியைக் கழற்றவில்லை.

"சார்... நீங்களா?"

அவன் முகம்தான் முதலில் சிவந்தது. குனிந்து வணங்கினேன். "செடி பாக்க வந்திருக்கேன், நிஷிவாகி-சான். உங்க காபி அறைக் குழாயில தண்ணி பிடிச்சுக்க அனுமதி வேணும். படியில தூக்கிட்டு வந்து எங்க ஆள் ஒருத்தங்களுக்குக் கை உடைஞ்சு போச்சு."

விசைப்பலகைச் சத்தம் நின்றுவிட்டது. காதெல்லாம் எரிந்தது.

"தாராளமா பிடிச்சுக்குங்க சார். கீழேயிருந்து தூக்கிட்டு வர்றீங்கன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது."

எனக்கு மட்டும் தெரிந்ததா? அங்கே இருந்த காலமெல்லாம் எங்கள் செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? ஒரு முகமாவது — யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். வரவில்லை.

ஆகஸ்ட் 26
குசுமி-சான் வேலைக்கு வந்துவிட்டார். காலை வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நானும் தொந்தரவு செய்யவில்லை.

ஏழாவது மாடியில் காபி அறையைக் காட்டினேன். குழாயை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். இடது கையால் திறந்தார். கேன் நிரம்பியது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தேன்.