களிம்பேறிய தோட்டாக்கள்

இன்று காலை உங்கள் இரும்பு அலுமாரியைத் திறந்ததும் பித்தளை மணமும் எண்ணெய் மணமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. நீங்கள் கண்ணை மூடியதும் துப்பாக்கியைப் பொலிஸார் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியிருந்த தோட்டாக்களைப் பொலிஸில் ஒப்படைக்க, உங்கள் குறிசுடும் சங்கத்து நண்பர் வருவதாகச் சொல்லியிருந்தார்.

பழைய இராணுவக் கையிருப்பிலிருந்து வந்த தோட்டாக்கள் அவை. கறுத்துப்போய், சில இடங்களில் பச்சைக் களிம்போடு இருக்கும். நீங்கள் கராஜில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உலர்ந்த துணியால் துடைப்பீர்கள்.

"சண்டைக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சையும் உங்களுக்குத் துவக்கு வேணுமே?" என்று மனைவி நான் எத்தனை முறை கேட்டிருப்பேன். "கடதாசிக் குறிக்குத்தானே சுடுறன்" என்று சிரிப்பீர்கள்.

ஒருநாள் உங்களோடு சுடுகளத்துக்கு வந்தேன். நீங்கள் விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லை. குழலைக் குறிப்பலகையிலிருந்து விலக்காமல், ஒரு கையை உயர்த்தியபடி அசையாமல் இருந்தீர்கள். பிந்தியும் வெடிக்கலாம் என்று நெடுநேரம் பொறுத்த பிறகுதான் அதை வெளியே எடுத்தீர்கள்.

திரும்பி வரும்போது காரைத் தெருவோரம் நிறுத்தினீர்கள்.

"என்னப்பா, ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"என்ரை தம்பி பொறுக்கேல்லை" என்றீர்கள்.

உங்கள் தம்பி சண்டையில் செத்தவன் என்று மட்டுமே அதுவரை எனக்குச் சொல்லியிருந்தீர்கள். அன்றுதான் முழுவதும் சொன்னீர்கள். தோட்டத்தில் கிடந்த வெடிக்காத ஷெல் ஒன்றை அவன் கல்லால் தட்டியிருக்கிறான். நீங்கள் பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

"அதைத் தொடக்கூடாது எண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை."

அதன் பிறகு நான் உங்களை ஏசவில்லை. நோயில் உங்கள் பார்வை மங்கியபோது நானே எதிரே உட்கார்ந்து தோட்டாக்களைப் பார்த்துச் சொன்னேன். எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் சொல்லித் தந்தீர்கள்.

"கறுத்தது பிழையில்லை. கழுத்தில வெடிப்பிருக்கோ பாரும். களிம்பு உள்ளுக்கை திண்டிருந்தா அங்கால வையும். சுரண்டி நல்லதாக்கப் பாக்கக்கூடாது. கையைக் கழுவிப்போட்டுத்தான் குசினிக்குச் சமைக்கப் போகவேணும்."

இறுதியாகத் துடைத்த நாளில் ஒன்றைக் கையில் எடுத்தீர்கள். அதை மேசையில் வைக்கவும் உங்களுக்குத் தெம்பில்லை. நான்தான் விரல்களைப் பிரித்து வாங்கினேன்.

சங்கத்து நண்பர் வந்தார். ஒதுக்கி வைத்தவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யார் பிரித்தது என்று டேனிஷில் கேட்டார். "நாங்கள் இரண்டு பேரும்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

இன்று பின்னேரம் ஹோர்சன்ஸ் நகரிலிருந்து எங்கள் மகள் வருகிறாள். தனக்கொரு சித்தப்பா இருந்ததும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. அவள் டேனிஷில்தான் கேள்வி கேட்பாள். நான் தமிழில் சொல்லப்போகிறேன். உங்கள் தம்பியை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் நீங்களும் போனபின், அவனை நினைத்து அழுவதற்கு இந்த நாட்டில் நான் ஒருத்திதான் மிச்சம்.