பொனற்றில் வைத்த சந்தனம்

வெள்ளவத்தை
ஞாயிறு காலை

அன்பு மகன் பிரியந்தனுக்கு,

நான் இருக்கிறேன். நீயும் உஷாந்தியும் அந்தக் குளிருக்குள் சுகமாயிருக்க முருகன் துணை.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து பத்து நாள். அவருடைய காரை வாங்க ஒருவர் வந்தார், எல்லாம் பிடித்தது, முன் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் பிடியை இழுத்தார், வரவில்லை, திருத்தி வையுங்கோ என்று போய்விட்டார். நேற்று மருதானையிலிருந்து அஹ்ஸன் வந்தான், விபத்துக்குப் பிறகு பம்பரும் லைற்றும் மாற்றித் தந்தவன். அந்தத் தண்ணீருக்கான போத்தல் நிறைய இருந்தது. அப்பா நிரப்பியது. பியூஸ் போகவில்லை. மோட்டர் உறுமியது. குழாயைக் கழற்றினான், தண்ணீர் அவன் சேர்ட்டிலேயே பாய்ந்தது. அன்ரி, எல்லாம் நல்லா ஈக்கி, பொனற்றில ஈக்கிற ஓட்டை ரெண்டும்தான் அடச்சீக்கி, யாரோ சீமெந்து பூசின மாதிரி என்று சிரித்தான். ஊசி கேட்டான். குத்தி எடுத்ததை விரலில் காட்டினான். மஞ்சள்.

சந்தனம், தம்பி. தைப்பொங்கலன்று காருக்குப் பூசை செய்தபோது என்ஜின் மூடியில் தண்ணீர் வரும் அந்த இரண்டு சின்ன மேடும் பொட்டு வைக்கவென்றே செய்தவை போல் இருந்தன. நான்தான் வைத்தேன், நன்றாக அழுத்தி. வெளியே இருந்தது மழையில் போய்விட்டது. உள்ளே இருந்தது போகவில்லை. பிறகு அப்பா இரண்டு தரம் சொன்னார், இஞ்சேரும், இதில தண்ணி வருகுதில்லை என்று. போத்தலை நிரப்புங்கோவன், அதுக்கும் நானே வரவேணும் என்றேன். நிரப்பினார்.

ஓட்டும்போது நித்திரை என்று பொலிஸ் எழுதியது. இரத்தத்தில் சீனி குறைந்திருக்கும் என்றார் உன் சித்தப்பா. நீயும் அப்படித்தான் நம்புகிறாய். அன்று காலை கடல் பெரிதாக இருந்தது, கடலோரம் மரைன் டிரைவில் நின்ற வாகனக் கண்ணாடியெல்லாம் உப்பு. நின்ற லொறியில் போய் முட்டியிருக்கிறார். நான் ஓடிப்போனபோது அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். மழை இல்லை. வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, உப்பு அப்பிய காய்ந்த கண்ணாடியில். ஏனென்று அன்று யோசிக்கவில்லை.

அஹ்ஸனுக்குச் சொல்லவில்லை. உனக்கு மட்டும். அழுகை வரவில்லை. அவன் போனபின் உள்ளே ஏறி இருந்து பிடியை இழுத்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் வந்தது. வாங்குகிறவர் இன்று நான்கு மணிக்கு வருகிறார். கொடுத்துவிடுவேன்.

உஷாந்தியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீ புதுக் கார் எடுத்திருப்பதாகச் சொன்னாய். சந்தனம் வை, வேண்டாமென்று சொல்லவில்லை. நம்பர் பிளேற்றில் வை. பொனற்றில் வேண்டாம்.

இருவரும் நெடுங்காலம் இருங்கள்.

அம்மா
ஜீவராணி