மாமா தலைமேல் போட்ட பாய்

மாதாஉலி,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு.

அன்பு மகன் பெனியாமினாவுக்கு, உன் அம்மா சுலியா எழுதுவது.

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கலாம் என்றால் ஐந்து வாரமாகப் போனை அணைத்தே வைத்திருக்கிறாய். அதனால்தான் போதகரின் மகள் லுசியாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை ஆக்லாந்து வருகிறாள். நீ படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடு.

சிவப்புப் பன்றி ஏழு குட்டி போட்டது. சீமைப்பலா இந்த வருஷம் கிளை ஒடிகிற அளவுக்குக் காய்த்திருக்கிறது. உன் தங்கை பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டாள், வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. பக்கத்து ஊர் ஃபாலேலுபே குழுவில்தான் கனத்த குரலுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. அது ஆபெலுவின் குரல். அவனை நீ காரால் மோதிக் கொன்ற பிறகு அந்த இடத்தில் இன்னும் யாரையும் நிறுத்தவில்லையாம்.

எழுதிவிட்டேன். இதை எழுதத்தான் மூன்று தாள் கிழித்தேன்.

தேர்தல் முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். மாமா தொகுதியில் ஜெயித்தார். ஆனால் பிரதமர் நாற்காலிக்குக் கட்சி வேறு ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அவர்தான் பிரதமர் என்று நாடே பேசிக்கொண்டிருந்ததே, அது போயிற்று. ஏன் போயிற்று என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

உனக்கு அவர் அமைச்சர் மாமா, கார் வைத்திருக்கிற மாமா. எனக்கு என் தம்பி இயோசெஃபோ. ரேடியோவில் புயல் எச்சரிக்கை வாசிக்கிற வேலைதான் அவருடைய முதல் வேலை. பெரும்புயல் அடித்தபோது மூன்று நாள் வீட்டுக்கு வராமல் வாசித்தார். அந்தக் குரலை நம்பித்தான் ஜனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள், அந்தக் குரலுக்குத்தான் பிறகு ஓட்டும் போட்டார்கள். நாடாளுமன்றத்தில் முதல் நாள் எழுந்து நின்று, எல்லாம் மறந்துபோய், "நாளை மழை வரலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷமாகியும் அதைச் சொல்லி எதிர்க்கட்சிக்காரர்கள் சிரிக்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அலை ஊருக்குள் வராமல் கல்சுவர் கட்டினார். நம் ஊரிலிருந்து ஃபாலேலுபேவுக்குத் தார் ரோடு போட்டார். யாரும் நிலம் விட மறுத்தபோது நம் குடும்பத்துக் கொக்கோத் தோட்டத்தை முதலில் வெட்டச் சொன்னார். அப்போது நான் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அந்த ரோட்டில்தான், அவர் வண்டிச் சாவியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு, குடித்துவிட்டு நீ போனாய்.

மூன்றாம் நாள் மாமா ஃபாலேலுபேவுக்கு மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். தேர்தலுக்கு ஒன்பது நாள் இருந்தது. கட்சிக்காரர்கள் இரண்டு வண்டி நிறைய வந்து இறங்கினார்கள். "ஐயா, குடும்பத்துல வேற பெரியவரை அனுப்புங்க. நீங்க மண்டி போட்டா அந்தப் படம் நாடு பூரா சுத்தும்" என்றார்கள். "குடும்பத் தலைவன் பட்டம் என் தலையில இருக்கு. வேற ஆளை அனுப்பணும்னா தலையையும்ல கழட்டிக் குடுக்கணும்?" என்றார் மாமா. அவர்கள் சிரிக்கவில்லை.

விடியும்போது ஆபெலு வீட்டு முன்னால் உட்கார்ந்தோம். மாமா முன்னால் தனியாக, மண்டி போட்டுக் குனிந்து. நம் பெட்டியிலிருந்த பெரிய பாயை அவர் தலைமேல் போர்த்தினோம். விறகையும் அடுப்புக் கல்லையும் அவர் பக்கத்தில் வைத்தோம். எங்களைச் சுட்டுத் தின்றாலும் சரி என்று அதற்கு அர்த்தம். சின்ன வயதில் இதைக் கேட்டு நீ சிரிப்பாய். அன்று உட்கார்ந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாய்.

வெயில் ஏறியது. பாயைத் தூக்கி எங்களை மன்னிக்க வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஆபெலுவின் அண்ணன் மட்டும் வெட்டுக்கத்தியோடு வந்து எங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தான். "மந்திரி வந்தா என் தம்பி எந்திரிச்சு வருவானா?" என்று கத்தினான். நாங்கள் கொண்டுபோன கல்லையே எடுத்து எறிந்தான். பாய்க்கு மேலே, மாமாவின் தோளில் விழுந்தது. பாய் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். நல்லவேளை, எங்களைப் பெற்றவள் அதைப் பார்க்க உயிரோடு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சிவெயில் சாய்ந்த பிறகு ஆபெலுவின் அம்மா தாலிதா வெளியே வந்தாள். பாயைத் தூக்கினாள். மாமாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எங்க அந்தப் பையன்?" என்று கேட்டாள்.

"இவரை மன்னிச்சாச்சு, இவர் ஒண்ணும் பண்ணலையே. வராதவனை நான் எப்படி மன்னிக்கிறது?" என்றாள். பாயை மடித்து மாமாவின் கையில் கொடுத்து, "பையன் வரும்போது இதையே கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, எங்களைச் சாப்பிட உட்காரச் சொன்னாள். அவள் போட்ட சேப்பங்கிழங்கை நான் இலையில் அப்படியே வைத்தேன்.

படம் கட்சிக்காரர்கள் பயந்தபடியே சுற்றியது. ஓர் ஊரின் முன்னால் மண்டி போட்டவர் வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் எப்படி நிமிர்ந்து நிற்பார் என்று கட்சிக் கூட்டத்தில் கேட்டார்களாம். செய்தி வந்த அன்று நான் அழுதேன். "விடு அக்கா, முட்டி இன்னும் வலிக்குது. அந்த நாற்காலி வேற உயரமாம்" என்றார். இந்த ஆளை நான் என்ன செய்வது? அவரைப்போல் ஒருவரை இந்தத் தீவில் நான் பார்த்ததில்லை, இனியும் பார்க்கப்போவதில்லை.

இனிமேல் எழுதுவதை லுசியா எட்டிப் பார்க்காமல் படி.

நீ ஆபெலுவை மோதிய மறுநாள் காலை உன்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு நான் நேராக மாமாவிடம் போனேன். அவனைத் திரும்பக் கூட்டிவரச் சொல்லாதே என்றேன். அக்கா சொல்லைத் தம்பி தட்டக்கூடாது என்பது நம் வழக்கம். அதை வைத்துத்தான் அவர் வாயை அடைத்தேன். "போலீஸ்கிட்ட பொய் சொல்ல மாட்டேன் அக்கா. அவன் எங்க இருக்கான்னு கேட்டா சொல்லிடுவேன். ஆனா இழுத்துட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன். கூப்பிட்டா நீதான் கூப்பிடணும்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் வருகிறார், கொக்கோ குடிக்கிறார், தோளைத் தேய்த்துக்கொண்டு போகிறார்.

ஆபெலுவின் அண்ணன் நேற்று நம் வேலிப் பக்கமாகப் போனான். தலையைக் குனிந்துகொண்டான், நானும் குனிந்துகொண்டேன். கோர்ட்டு இருக்கிறது, சிறை இருக்கும், மாமா அதை மாற்ற மாட்டார். நானும் கேட்க மாட்டேன். உனக்குச் சோறு கொண்டுவருவேன்.

பெனியா, உன்னை விமானம் ஏற்றியது நான். அன்று தாலிதா எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தபோது என் முகத்தில் மட்டும் அவள் பார்வை கொஞ்சம் நின்றது. அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவளும் ஒரு தாய்.

நீ வா. வருகிறேன் என்று எழுது, போதும். நீ வந்தால் உன் பக்கத்தில் தானும் மறுபடி உட்காருவதாக மாமா சொல்லியிருக்கிறார், அந்த முட்டியை வைத்துக்கொண்டு. நேற்று பாயை வெயிலில் விரித்து அளந்து பார்த்தேன்.

அதற்கு அடியில் மூன்று பேர் உட்காரலாம்.

உனக்காக ஜெபிக்கிற
அம்மா
சுலியா