அக்கா தேர்ந்தெடுத்த ரம்பம்

அக்கா,

பக்கத்து மனையில் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புகிறார்கள். இன்று காலையிலிருந்து தச்சர்கள் கதவுச் சட்டம் அறுக்கிறார்கள். சூடேறிய மரத்தூளின் வாசனை நம் சமையலறை வரைக்கும் வருகிறது. ஸ்டெல்லா தும்மிக்கொண்டே ஜன்னலைச் சாத்தப் போனாள். "கொஞ்ச நேரம் திறந்திருக்கட்டும்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிக்க நீ இல்லை என்று தெரிந்துதான்.

லிங்கராஜபுரத்து வீட்டில் கீழே நீ, மாடியில் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும். கல்யாணம் வேண்டாம் என்று நீ சொன்னதை அப்பாவும் அம்மாவும் இருந்த காலத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அரசுத் தொழிற்சாலையில் வாழ்நாளில் பாதியை வயர் பற்றவைத்தே கழித்தாய். தொண்ணூறுகளின் கடைசியில் விருப்ப ஓய்வு என்ற பெயரில் கூட்டம் கூட்டமாக அனுப்பினார்கள். உன்னோடு வேலை செய்தவர்கள் கேட்டில் நின்று அழுதார்களாம். நீ வரும் வழியில் இறங்கி ஒரு கைரம்பமும் இரண்டு உளியும் வாங்கிக்கொண்டு வந்தாய்.

"வயரைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சுடா. இனிமே மரம்தான்" என்றாய்.

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்துக்கு மேல் ஷீட் போட்டு, அதையே பட்டறை ஆக்கினாய். செருப்பு ராக், ஸ்டூல், பாத்திர அலமாரி என்று தெருவில் பாதி வீடுகளில் உன் வேலை நின்றது. சாயங்காலம் தலைமுடியெல்லாம் தூளோடு மாடிக்கு வந்து காபி கேட்பாய். அந்த இரண்டு மூன்று வருஷங்களில் நீ சிரித்ததுபோல அதற்கு முன் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது, மடியில் வைத்திருந்த உன் வலது கை தானாக ஆடியதைப் பார்த்தேன். நீயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். இடது கையால் அதைப் பொத்திக்கொண்டாய்.

நரம்பு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பார்க்கின்சன். இது குணமாகாதும்மா. மாத்திரை போட்டா கொஞ்ச காலம் ஓடும். அப்புறம் ஏறிக்கிட்டேதான் போகும்" என்றார்.

"கொஞ்ச காலம்னா?"

"ஆளுக்கு ஆள் மாறும். சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் வீட்டுக்குக் கிளம்பாமல், நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். ஒரு பெரியவர் வாசற்படி அருகே கால் ஒட்டிக்கொண்டதுபோல நின்றிருந்தார். அவர் மகன் பின்னாலிருந்து தள்ளப் பார்த்தான். இன்னொருவர் நாற்காலியிலிருந்து எழ முயன்று முயன்று திரும்ப விழுந்தார். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். நீ ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்தாய். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாய்: "ஒரு மிஷின் வாங்கணும்டா. மேசை மாதிரி இருக்கும், நடுவுல பிளேடு சுத்தும். மடிச்சு வைக்கிற மாதிரி சின்னதா வருதாம்."

"கையே நடுங்குதே அக்கா."

"சும்மா இருந்தாத்தான் நடுங்குது. வேலை குடுத்தா அடங்கிடுது. இங்க பாரு." முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக் காட்டினாய். உண்மைதான். கை அசையவில்லை. "கைரம்பம்தான் வரமாட்டேங்குது. இழுக்க இழுக்க இழுப்பு குறுகிக்கிட்டே போவுது. இதுல பலகையைத் தள்ளினாப் போதும்."

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்டெல்லாதான், "வாங்கிக் குடுங்க. இதுவரைக்கும் அவங்க நம்மகிட்ட எதையாவது கேட்டிருக்காங்களா?" என்றாள்.

மிஷின் கடைகள் வரிசையாக இருக்கும் எஸ்.ஜே.பி. ரோடு முழுக்க அலைந்தோம். முதல் கடைக்காரர் என்னைப் பார்த்தே பேசினார். "சார், வீட்டுக்கா, சைட்டுக்கா?"

"எனக்கு. என்கிட்ட சொல்லுங்க" என்றாய்.

உள்ளூரில் வெல்டிங் செய்த இரும்பு மேசை ஒன்றைக் காட்டினார். பெரிய மோட்டார், பெல்ட், திறந்து கிடக்கும் பிளேடு. எவ்வளவு தடித்த மரத்தையும் அறுக்கும் என்றார். நீ அதன் காலை அசைத்துப் பார்த்து, "இதை வச்சா நாங்க துணி எங்க துவைக்கிறது?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாய். இன்னொரு கடையில் லேசான வெளிநாட்டு மிஷின். மரத்தை நேராக ஓட்டிப் போகச் செய்யும் பக்கச் சட்டத்துக்கும் பிளேடுக்கும் இடைவெளி முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு. பையிலிருந்து ஸ்கேல் எடுத்து வைத்து அளந்து, "கோணலாப் போனா பலகை சிக்கிக்கிட்டு நம்ம மேலேயே எகிறும்" என்று என்னிடம் சொன்னாய்.

கடைசியாக ஒரு சந்துக்குள் இருந்த கடை. அங்கே இருந்ததைப் பார்த்ததும் உன் முகம் மாறியது. இரண்டு பேர் தூக்கலாம். கால்கள் மடங்கும். பிளேடுக்கு மேல் மூடி, பின்னால் அறுத்த பிளவு மூடிக்கொள்ளாதபடி ஒரு தகடு. வீட்டு பிளக்கிலேயே ஓடும். நீ விலை கேட்கவில்லை. "நிறுத்துற ஸ்விட்ச் எங்க?" என்று கேட்டாய். முன்பக்கம், தாழ்வாக, உள்ளங்கை அகலத்தில் சிவப்பாக இருந்தது.

அதைக் காட்டும்போதுதான் கடைக்காரர் உன் வலது கையைக் கவனித்தார். என் பக்கம் சாய்ந்து, கன்னடத்தில், "பேடா சார். பேரே ஏனாதரூ நோடி" என்றார். வேண்டாம், வேறு ஏதாவது பாருங்கள் என்று அவர் சொன்னது அக்கறையில்தான்.

"எனக்கும் கன்னடம் வரும்ங்க. எனக்கு இதுதான் பேக்கு, இதுதான் வேணும். ஓட விடுங்க" என்றாய். மிஷின் அலறியது. நீ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, புடவையோடு முழங்காலைத் தூக்கி அந்தச் சிவப்பு ஸ்விட்சை இடித்தாய். பிளேடு நின்றது. இன்னொரு தடவை ஓடவிடச் சொல்லி, இன்னொரு தடவை இடித்தாய்.

"முழங்கால் நல்லாத்தான் இருக்கு பாருங்க" என்றாய். அவரும் சிரித்துவிட்டார்.

ஆட்டோவில் அதை மடியில் சாய்த்துப் பிடித்தபடி வீடு வந்தோம். காலை மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் உனக்கு உடம்பு இளகும். அந்த நேரத்தில்தான் வேலை. நான் ஆபீஸ் கிளம்பும் முன் பிளக் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது நாம் செய்துகொண்ட ஏற்பாடு. முதல் பலகை நூல் பிடித்ததுபோல அறுபட்டது. நீ அறுத்த விளிம்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாய்.

தெருக்காரர்களின் ஆர்டரைத் தொடங்குவாய் என்று நினைத்தேன். நீ செய்தது ஒரு நாற்காலி. உட்காரும் இடம் வழக்கத்தைவிட உயரம், கைகள் அகலம், முன்னால் நீண்டு பிடி.

"யாருக்கு இது?"

"எனக்குத்தான். இன்னும் கொஞ்ச நாள்ல தாழ்வான நாற்காலியில இருந்து எழ முடியாது."

அடுத்து கழிவறையில் உட்கார ஒரு உயரப் பலகை. அடுத்து விளிம்பு உயர்த்திய சாப்பாட்டுத் தட்டம், கை ஆடினாலும் கிண்ணம் நழுவாதபடி. டாக்டரிடம் போன அன்று நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அப்போதுதான் புரிந்தது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எதுக்குக்கா இதெல்லாம்? கடையில வாங்கித் தர மாட்டேனா?"

"நீ வாங்கித் தருவ. அது எனக்குத் தெரியாதா? என் கையால செஞ்சுடறேன்டா, கை இருக்கும்போதே."

நாட்கள்தான் உன்னைவிட வேகமாக ஓடின. மாத்திரை பலிக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கட்டிலுக்குப் பக்கத் தடுப்பு செய்யத் தொடங்கியிருந்தாய். ஒரு பக்கத்துக்கு முடிந்தது. அடுத்த பக்கத்துக்குப் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றுவிட்டாய். நீ நினைத்து நிற்கவில்லை. உடம்பு நின்றுவிட்டது. பலகைக்குள் பிளேடு சுழன்றுகொண்டிருந்தது, மரம் கருகிப் புகை வந்தது. "அக்கா, முழங்கால்!" என்று கத்தினேன். உன் கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. முழங்கால் வரவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

உனக்கு ஒரு கீறலும் இல்லை. உடம்பு விடுபட்டதும், துணி எடுத்து மிஷினைத் துடைத்தாய். கால்களை மடக்கச் சொன்னாய்.

"அவ்வளவுதான்டா" என்றாய்.

கட்டிலின் இன்னொரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். நீ செய்தவை எல்லாம் நீ எதிர்பார்த்த வரிசையிலேயே தேவைப்பட்டன. முதலில் நாற்காலி, பிறகு கழிவறைப் பலகை, பிறகு தட்டம். எதுவும் தவறவில்லை. எதுவும் உன்னைக் காப்பாற்றவும் இல்லை. தடுப்பைப் பிடித்தபடி படுத்திருந்தாய். ஜெபம் செய்ய வந்த பாஸ்டர், "விசுவாசமா இருங்க" என்றார். அவர் போனதும் நீ என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாய். அதற்கு இல்லை என்று பொருளா, நோயின் ஆட்டமா, தெரியவில்லை.

நீ போன பிறகு மிஷினை ஒரு கான்ட்ராக்டர் எடுத்துக்கொண்டார். நாற்காலியைக் காக்ஸ் டவுனில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தோம். கட்டில் தடுப்பை அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் கட்டிலின் அளவுக்கு மட்டுமே பொருந்துமாம்.

உன் கடைசி மாதங்களைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. குரல் தேய்ந்து மூச்சாகிவிட்டிருந்தது. ஒரு சாயங்காலம் ராகிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது என் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாய். தண்ணீர், போர்வை என்பதுபோல ஒற்றைச் சொல் இல்லை. முழு வாக்கியம். உதட்டருகே காதை வைத்தேன். மறுபடி சொன்னாய். புரியவில்லை. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா" என்று அவளும் குனிந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாய். பிறகு வாயை மூடிக்கொண்டாய். அதற்கப்புறம் எதையும் சொல்ல நீ முயலவே இல்லை.

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அக்கா. பஸ்ஸில் போகும்போது, அதன் நீளத்துக்குச் சரியாக வார்த்தைகளை அடுக்கிப் பார்க்கிறேன். எதுவும் பொருந்துவதில்லை. நடுவில் ஓர் இடத்தில் உன் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. அது 'ம'வா, 'ப'வா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.