கதவடைத்து வென்ற வாதம்

நலம் பெருகுக. கருநல்லாற்றின் வடகரையில், மதிலைவிட நெற்குதிர் உயர்ந்து நிற்கும் நெடுவேலி நாட்டின் தலைமை அமைச்சர் மாண்புமிகு கீரங்கூத்தர் திருமுன்பு, தென்கரைச் செங்குவளை நாட்டுப் பெருங்கல்விக் கழகத்தின் தலைவர், தலைமுறை தலைமுறையாக அவ்விருக்கைக்கு உரியவர், எதிருரைப்போர் நாவடக்கியவர், தோலாநாவினர், விறலூர்க் கொற்றங்கிழார் எழுதுவிக்கும் ஓலை. உங்கள் வேந்தர் நீடு வாழ்க. காய்ச்சல் கண்ட வீடுகளிலெல்லாம் மீண்டும் அடுப்பு எரிக.

தோலாநாவினர், அதாவது வாதத்தில் ஒருநாளும் தோற்காதவர் என்ற பட்டத்தைச் சொன்னபோது ஓலைக்கணக்கர் எழுத்தாணியை நிறுத்தி, இதையும் எழுதத்தான் வேண்டுமா என்று பணிவோடு வினவினார். எழுதுக என்று கிழவர் கொற்றங்கிழார் பணித்தார். ஒரு காரணம் இருக்கிறது; அது உரிய இடத்தில் வரும்.

சென்ற ஆண்டு மழைக்கு முன்பு உங்கள் வேந்தர் மருத்துவர் அலரியம்மையை எங்கள் நாட்டுக்கு அனுப்பி வைத்தார். கண் சிவந்து காணும் புதுக்காய்ச்சல் ஒன்று கப்பல்வழி வந்திருக்கிறது, அது மூச்சுக்காற்றால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுகிறது, கூட்டம் கூடாதீர்கள் என்று சொல்லிப்போக வந்தவர் அவர். வெற்றிலை மென்று முடிக்கும் நேரம் போதும் என்றார். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் எந்த அறிவும் கழகத்தின் வாதமண்டபத்தில் வென்ற பிறகே நாட்டுக்குள் நுழையலாம் என்பது எங்கள் விதி. வாதம் தொடங்கினால் கதவைத் தாழிட வேண்டும். வெளியிலிருந்து யாரும் விடை ஓதிவிடாதபடி சன்னல்களை அடைக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை ஒருவரும் எழக்கூடாது. விதியை வகுத்தவர் கொற்றங்கிழாரின் முப்பாட்டனார். ஆகவே அதில் ஓர் எழுத்தும் மாறாது.

அலரியம்மை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இப்படி அடைந்து உட்காரக் கூடாது என்று சொல்லத்தானே ஐயா நான் வந்ததே என்றார். அதையும் உள்ளே வந்து, தம் முறை வரும்போது எடுத்துரைக்கலாம் என்று கொற்றங்கிழார் விடையளித்தார். அவர் வரவில்லை. கதவு அடைபட்டது. ஆசிரியரும் மாணவருமாக நாடெங்குமிருந்து வந்தவர்கள் முழங்காலோடு முழங்கால் முட்ட அமர்ந்தார்கள். காய்ச்சல் ஒட்டுமா, ஒட்டாதா என்பது வாதத்தின் பொருள்.

எதிராளி வெளியே நின்றும் வாதம் நிற்கவில்லை. ஒட்டும் என்பார் என்ன சொல்லக்கூடும் என்பதைக் கொற்றங்கிழாரே சொல்லி, அவரே மறுத்து, நாட்கணக்கில் முழங்கினார். இலக்கண ஆசிரியர் நெடுஞ்சேந்தனார் இடையிடையே இருமினார். அதை மறுப்பாகக் கொண்டு ஒவ்வோர் இருமலுக்கும் கொற்றங்கிழார் தக்க விடை கூறினார். நடுவரின் கண்கள் சிவந்து நீர் வடிந்தன. வாதத்தின் நயம் அவரை உருக்கிவிட்டது என்று கொற்றங்கிழார் எண்ணி, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

காய்ச்சல் ஒட்டாது என்று தீர்ப்பாயிற்று. கொற்றங்கிழார் கழுத்தில் வெற்றிமாலை விழுந்தது. வாயிலில் அதுவரை காத்திருந்த அலரியம்மை பத்தடி விலகி நின்று, வென்றுவிட்டீர்கள் ஐயா, வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துப் படுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடமேறினார். அவையடக்கம் அறியாதவர் என்று கொற்றங்கிழார் சினந்தார். மாலை வாடுமுன் படுத்தார்.

அதற்குள் அரண்மனை முரசு தீர்ப்பை ஊரூராகச் சொல்லிவிட்டது. தேர்த்திருவிழாவும் குறைவின்றி நடந்தது. மாணவர்கள் தத்தம் ஊர் திரும்பினார்கள். கழகத்தில் பெற்றதைப் பிறருக்கு வழங்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கற்பித்த முதற்பாடம். அதை அவர்கள் இவ்வளவு செவ்வனே நிறைவேற்றியது அதுவே முதல்முறை. படுத்த நெடுஞ்சேந்தனார் பிறகு எழுந்திருக்கவில்லை. அவருடைய இருமலுக்குச் சொன்ன விடைகள் அனைத்தும் இன்றும் கொற்றங்கிழாருக்கு மனப்பாடம். அவற்றைக் கேட்க ஆளில்லை.

அழைக்காமலே அலரியம்மை திரும்பி வந்ததும், எங்கள் நோயாளிகளைத் தொட்டுத் தூக்கியதும், பின்பு உங்கள் கரையிலும் காய்ச்சல் கண்டபோது தம் மக்களிடம் சென்றதும் நீங்கள் அறிந்தவை. அதற்கு நன்றி சொல்லும் சொல்லைக் கழகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

இப்போது எழுதக் காரணம் இது. துறைமுகப் பாக்கத்தில் மீண்டும் காய்ச்சல் கண்டிருக்கிறது. விலகி இருங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள் என்று இம்முறை முரசு சரியாகவே சொல்கிறது. முரசொலி கேட்டதும் பாக்கத்து மக்கள் சன்னலை இழுத்துச் சாத்துகிறார்கள். மீன் விற்கும் பெண் ஒருத்தி முரசறைவோனை மறித்து, போன தடவை ஒட்டாது என்றாய், இந்தத் தடவை ஒட்டும் என்கிறாய், மாறியது காய்ச்சலா உன் எசமானா என்று கேட்டாளாம். அவன் முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டான். இன்னும் பெரிய முரசு செய்யலாம் என்று அவையில் ஒருவர் யோசனை கூறினார். அவர் கொற்றங்கிழார்.

வீட்டிலும் நிலை இதுவே. மழை பெய்கிறது என்று கிழவர் சொன்னால் மருமகள் பைந்தொடி முற்றத்தில் கைநீட்டிப் பார்த்துவிட்டே துணியை எடுக்கிறாள். அவள்தான் வழி சொன்னாள். மாமா, நீங்கள் வென்றதை ஊர் கேட்டது, பார்க்கவில்லை. தோற்பதையாவது கண்ணால் பார்க்கட்டும் என்றாள். கிழவர் இரண்டு வேளை உண்ணவில்லை. மூன்றாம் வேளை பசித்தது. ஓலை நறுக்கச் சொன்னார்.

ஆகவே வேண்டுவது: ஆறு பெருகுமுன், ஓடத்துறையில் நீர் ஒடுங்கும் இடத்தில், அலரியம்மை வடகரையில் நிற்க அருள வேண்டும். கொற்றங்கிழார் தென்கரையில் நிற்பார். இருநாட்டு மக்களும் மணலில் இடம்விட்டு அமர்ந்து கேட்கட்டும். அதே வாதம் மறுபடி நடக்கட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பு. தோற்றதுபோல் நடிப்பது விறலூர்க் குலத்துக்கு இழுக்கு, மக்களும் கண்டுகொள்வார்கள். கொற்றங்கிழார் தம் வலிமை முழுவதும் காட்டி வாதிடுவார். அம்மையார் இரக்கம் பாராமல் முறியடிக்க வேண்டும். இருவருக்கும் விளங்காத இடம் வந்தால் இருவரும் தெரியாது என்று உரக்கச் சொல்ல வேண்டும். அச்சொல்லைக் கிழவர் வீட்டில் பழகிவருகிறார். தொண்டையில் சிக்குகிறது, ஆற்றங்கரைக்குப் போவதற்குள் வந்துவிடும்.

இனி எந்தக் கரையில் நோய் தோன்றினாலும் முதலில் கரையில் தீ மூட்டி மறுகரைக்கு அறிவிப்போம். யாரால் வந்தது என்ற வழக்கை எல்லோரும் பிழைத்த பிறகு வைத்துக்கொள்வோம். இதற்கு எங்கள் வேந்தர் இசைந்துவிட்டார். உங்கள் மாணவர்கள் எங்கள் கழகத்துக்கு வரலாம். சன்னல்களைக் கழற்றியே விட்டோம்.

அலரியம்மை வென்ற அன்றே, தோலாநாவினர் என்ற பட்டம் ஓடமேறி அவரிடம் வந்து சேரும். கையில் இல்லாததை இழக்க முடியாது அல்லவா? அதனால்தான் அதை இவ்வோலையின் தலைப்பில் இன்னும் வைத்திருக்கிறார்.

ஓலைக்கு வேப்பம்புகை காட்டி, மூங்கிற்கோலின் நுனியில் கட்டிக் கரையேறாமல் நீட்டும்படி ஓடக்காரருக்குக் கட்டளை. புகையில் எங்கள் குலமுத்திரை கருத்திருக்கும். அதை இட்டவர் முகமும் அந்நிறமே.

துறைக்காவலர்க்கும் கழகத்தார்க்கும் இது ஆணை: வாதத்தின் நடுவே கொற்றங்கிழார் இருமினால் அதை எவரும் மறுப்பாகக் கொள்ள வேண்டாம். வாதத்தை நிறுத்திவிட்டுக் கிழவரை வீட்டுக்கு அனுப்புக.