கேட்க மட்டும் தெரிந்த ரேடியோ

உன் மகள் ஷீலா நேற்று காலை லிங்கராஜபுரத்துக்கு வந்து, என் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு துணிப்பையை வைத்தாள். பையைத் திறந்ததுமே வாசனை வந்துவிட்டது. உப்பு, பெட்ரோல், கொஞ்சம் துரு. கடலிலிருந்து இத்தனை தூரத்தில் இருக்கும் பெங்களூர் வீட்டில் அந்த வாசனைக்கு இடமே இல்லை. உள்ளே நம் படகுக்கு நீ கடைசியாக வாங்கிய ரேடியோ இருந்தது. திரை மங்கிப் போயிருந்தது. ஆன்டெனா வயரைச் செருகும் இடத்தில் பச்சை பூத்திருந்தது.

"அங்கிள், இது போயிடுச்சுன்னு நினைக்கிறேன். இந்த சீசன்ல நான் படகை இறக்கணும். புதுசு எது வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் படகை விற்றுவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் ஆபீஸ் லேப்டாப்பைக்கூடப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, திருப்புளியை எடுத்து ரேடியோவின் பின்மூடியைக் கழற்ற உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்தில் உன்னையே பார்த்தேன்.

நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் கேட்டார்கள். இரண்டு பேரும் கோலார் தங்கவயல் பிள்ளைகள். உன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இறங்கியவர்கள். சுரங்கத்தில் புது ஆள் எடுப்பது நின்றபோது நாம் காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூர் வந்து, பீன்யாவில் ஒரே டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் சேர்ந்தோம். அந்த ரயிலில் ஒருநாள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நீ சொன்னாய்: "எங்கப்பா ஆயுசு பூரா தலைக்கு மேல கல்ல வெச்சிக்கினு இருந்தாரு. எனக்குத் தலைக்கு மேல ஒண்ணும் இருக்கக் கூடாதுடா." நான் சிரித்தேன். இருபத்தைந்து வருஷம் கழித்து, வேலையிலிருந்து நிற்கும்போது கிடைத்த பணத்தில் நீ கடற்கரை ஊரான மல்பெயில் ஒரு பழைய பைபர் படகு வாங்கினாய். என்னையும் பாதிப் பங்காளி என்றாய். நீச்சல்கூடத் தெரியாத பங்காளி.

படகோடு ஒரு பழைய ரேடியோவும் வந்தது. கரையைவிட்டுப் போனதும் அதைப் பதினாறாம் சானலில் வைத்துவிட வேண்டும். ஆபத்து என்றால் யாரும் அதில்தான் கூப்பிடுவார்கள், எல்லாப் படகும் அதில் காதை வைத்திருக்கும். சீசன் தொடங்கும்போது துறைமுகத்தைக் கூப்பிட்டுப் பார்த்தோம். அவர்கள் பேசியது நமக்குத் தெளிவாகக் கேட்டது. நம் குரல் அவர்களுக்கு விட்டுவிட்டுத்தான் போனது. "மாத்திடலாம்டா" என்றாய். கம்பெனியில் டெஸ்டிங் பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். என் பேச்சுக்கு நீ மதிப்புக் கொடுப்பாய் என்று எனக்குத் தெரியும். "நல்லாத்தானே கேக்குது? இந்த சீசன் ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அதோடு நீ விட்டுவிட்டாய்.

பிறகு அந்தக் காலை. கடல் அமைதியாகத்தான் இருந்தது. ரேடியோவில் திடீரென்று ஒரு ஆளின் குரல். கன்னடத்தில், மூச்சு வாங்க வாங்க, மல்பெக்கு எதிரே இருக்கும் தீவுக்குத் தெற்கே பாறைகளுக்குப் பக்கத்தில் படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, இரண்டு பேர் இருக்கிறோம் என்றான். நீ மைக்கை எடுத்துப் பதில் சொன்னாய். அவன் மறுபடியும் அதையே சொன்னான். நீ மறுபடியும் பதில் சொன்னாய். "யாராவது இருக்கீங்களா" என்றுதான் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நீ கத்தினாய். கத்தினால் ரேடியோவுக்குப் பலம் வருமா? கடைசியில் அந்தக் குரலும் நின்றுபோனது.

பாறைகளுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு ஒருவர்தான் இருந்தார். வந்த இரண்டு பேரும் அண்ணன் தம்பி, இவர் அண்ணன். மேலே இழுத்துப் போட்டதும் அவர் முதலில் சொன்னது: "தம்ம ஈஜ்கொண்டு ஹோதா." தம்பி நீந்திப் போய்விட்டான். யாரும் பதில் சொல்லவில்லை, யாரும் வரப்போவதில்லை, நானே கரைக்குப் போய் ஆள் கூட்டி வருகிறேன் என்று பிடியை விட்டிருக்கிறான்.

நீ படகின் முனையில் ஏறி நின்றாய். நான் எஞ்சினைப் பிடித்திருந்தேன். அரை மணி நேரம் முன்பு "வந்துகிட்டிருக்கோம்" என்ற ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்திருந்தால் அந்தப் பையன் பிடியை விட்டிருக்க மாட்டான். அதை நான் நினைத்தேன். நீயும் நினைத்திருப்பாய். ஆனால் நீ திரும்பி என்னைப் பார்க்கவில்லை. "லெப்ட்ல போ. இன்னும் லெப்ட்ல. மெதுவா" என்று மட்டும் சொன்னாய். நீதான் அவனைப் பார்த்தாய். அலைக்கு நடுவில் ஒரு தலை, முங்கி எழுந்துகொண்டிருந்தது. தூக்கிப் போட்டபோது அவனுக்குக் கண் திறக்கவில்லை. நீ குப்புறப் போட்டு முதுகில் தட்டினாய். அவன் வாந்தி எடுத்ததும் அண்ணன் அழ ஆரம்பித்தார். நானும்தான்.

கரையில் கூட்டம் கூடியது. "யாரிகூ கேள்ஸ்லில்லா அந்த்கொண்டெ" என்றார் அண்ணன், யாருக்கும் கேட்கவில்லை என்றே நினைத்தேன் என்று. நான் வாய் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நமகெ கேள்ஸ்து அண்ணா. ரேடியோ சரி இல்லா. நந்தே தப்பு." எங்களுக்குக் கேட்டது, என் தப்புதான் என்று எல்லோருக்கும் முன்னால் நீ சொன்னாய். நான் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ புது ரேடியோ தேடிய தேடலை மறக்க முடியாது. மங்களூர் டீலர் இரண்டு மாடல் அனுப்பினார். மர்பி டவுனில் உன் வீட்டுக் கூடத்தில் பக்கெட் நிறையத் தண்ணீர் வைத்து, கையை நனைத்து நனைத்து பட்டனை அமுக்கிப் பார்த்தாய். மாடி வெயிலில் கொண்டுபோய்த் திரை தெரிகிறதா என்று பார்த்தாய். "கடல் இல்லாத ஊர்ல பக்கெட்ல கடல் காட்டுறீங்களே" என்று உன் மனைவி சிரித்தார். எத்தனை தூரம் கேட்கும் என்று டீலர் சொல்லச் சொல்ல, நீ ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாய்: "நாம பேசுறது போகுமா சார்?" கடைசியில் படகில் பொருத்தப் பலமான ஒன்றும், படகின் பேட்டரி தண்ணீரில் மூழ்கினாலும் வேலை செய்யும்படி சட்டையில் மாட்டிக்கொள்ளச் சின்னதாக ஒன்றும் வாங்கினாய். ஆன்டெனாவைக் கம்பம் வைத்து உயர்த்தினாய். அதன்பின் ஒவ்வொரு முறையும், துறைமுகத்திலிருந்து "கேள்ஸ்தா இதே", கேட்கிறது என்று குரல் வராமல் நீ கயிற்றை அவிழ்த்ததில்லை.

நேற்று ஷீலா மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, "மாத்தணும்தான்" என்றாள். போனில் நான்கைந்து மாடல்களைக் காட்டினாள். ஆபத்தில் ஒரு சிவப்பு பட்டனை அமுக்கினால் இருக்கும் இடத்தையும் சேர்த்தே அனுப்பிவிடும் ஒன்று அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்குப் படகின் பெயரில் நம்பர் வாங்கிப் பதிய வேண்டும், லைசென்ஸுக்கு எழுதிப் போட வேண்டும் என்று விளக்கிக்கொண்டே வந்தேன். பாதியில் அதை விட்டுவிட்டுச் சொன்னேன்:

"ஷீலா, ஒண்ணு சொல்லணும். அந்த அண்ணன் தம்பிய காப்பாத்துறதுக்கு முன்னாடியே உங்கப்பா பழசை மாத்தணும்னு சொன்னாரு. நான்தான் வேணாம்னேன்."

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். "அப்பா, 'நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன்'னு சொல்வாரு. அந்தக் கதைய எங்களுக்கு எத்தனையோ வாட்டி சொல்லியிருக்காரு." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அதான் நீங்க வீட்டுக்கு வந்தா மட்டும் அதைப் பத்திப் பேசவே மாட்டாரு."

எனக்கு எழுந்து சமையலறைக்குப் போகவேண்டியதாயிற்று. டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றேன். என் தப்பை நீ ஏற்றுக்கொண்டது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு உறுத்தக் கூடாது என்று, என் எதிரில் அந்தப் பேச்சே வராமல் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டாய் என்பது எனக்குத் தெரியாது. உன் கூடத்தில் எத்தனை டீ குடித்திருப்பேன்? ஒருமுறைகூட உன் முகம் காட்டிக்கொடுக்கவில்லை.

ஷீலா கிளம்பும்போது, படகை இறக்கும் அன்று நானும் மல்பெ வருகிறேன் என்றேன். அந்த அண்ணன் தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தம்பிக்குக் கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகளாம். அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும். என் வாயால் சொல்லவேண்டும், ரேடியோவை மாற்றாமல் விட்டது உன் தப்பு இல்லை, என்னுடையது என்று. நீ இருந்திருந்தால் தடுத்திருப்பாய். அதனால்தான் உன்னிடம் கேட்காமலே போகிறேன்.